பத்துக்குப் பதினெட்டு

போன ஆவணியில் தச்சநல்லூரில் ஒரு நிச்சயம்.
முன்னறை பத்துக்குப் பதினெட்டு அடி.
முப்பத்தேழு பேர், ஒரு பீரோ,
ஓடாத ஃப்ரிட்ஜின் மேல் ஓடுகிற ஃபேன்.
"எல்லாரும் வரணும் கேட்டியளா" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.
பின்னால் போனேன்.
நிலை தாண்டி, படி தாண்டி
இன்னும் ஓர் அடி போனதும்
சாக்கடை என்னை வாங்கிக்கொண்டது.
கேமராவை மட்டும் தலைக்கு மேல் பிடித்திருந்தேன்.
விழும்போது விரல் அழுத்திய படத்தில்
ஒரு மின்கம்பி, இரண்டு காக்கை.
அன்றைக்குப் பெண் சிரித்தது
அந்த ஒரு தடவைதான்,
நான் விழுந்ததைப் பார்த்து.
அது என்னிடம் இல்லை.

ஜங்ஷனில் சேர்மக்கனி அண்ணாச்சி
கண்ணாடிப் பலகைமேல் மூன்று லென்ஸ் எடுத்து வைத்தார்.
பதினாறு-முப்பத்தைந்து, சிவப்பு வளையம் போட்டது.
நாகர்கோவிலில் ஒருத்தர் தொழிலை விட்டபோது கொடுத்தது;
உள்ளே கடுகளவு பூஞ்சை.
பதினொன்று-பதினாறு, இருட்டிலும் கண் தெரியும்,
விளக்கு எதிரே வந்தால் ஓரமெல்லாம் ஊதா.
பத்து-பதினெட்டு, ப்ளாஸ்டிக் கழுத்து,
கையில் வைத்தால் வைத்தது தெரியாது.

சிவப்பு வளையத்தை ஒரு முறை திருகிப் பார்த்தேன்.
நெய் மாதிரி சுற்றியது.
ஆனால் என் கேமராவுக்குச் சின்ன சென்சார்.
எதையும் ஒன்று புள்ளி ஆறால் பெருக்க வேண்டும்.
அங்கே பதினாறு, என்னிடம் வந்தால் இருபத்தைந்தரைக்கு மேல்.
அகலத்தை விலைக்கு வாங்கி
வாசலிலேயே தொலைக்கிற கணக்கு.
"பின்னால பெரிய பாடி வாங்குவியள்லா,
அப்போ இது பேசும், ஜெஸிந்தா" என்றார்.
பின்னால் என்று யாராவது சொன்னாலே
எனக்குக் கால் நனைகிறது.

பத்து-பதினெட்டை மாட்டிக் கடையையே எடுத்தேன்.
நடுவில் அண்ணாச்சி சுண்டுவிரல் உயரத்துக்குத் தள்ளிப் போனார்.
ஓரத்தில் டீத் தட்டோடு நின்ற பையனுக்கு
முகம் பலாக்கொட்டையாக நீண்டிருந்தது.
காட்டினேன். "நான் இப்படியாக்கா இருக்கேன்" என்றான்.

எந்த வீட்டிலும் ஓரத்தில் நிற்பது யாரென்று
எனக்குத் தெரியும்.
புருஷன் திருப்பூர் போய்த் திரும்பாத அத்தை.
கடன் கேட்டு வந்த இடத்தில் விசேஷம் நடக்க,
சட்டையை உதறி நின்றுகொண்ட ஒன்றுவிட்ட மாமா.
நாலு முறை கூப்பிட்டால் ஒரு கால் வைப்பார்கள்.
பழைய லென்ஸில் அவர்களுக்குத் தோள் போகும், சமயத்தில் முகமே போகும்.
இதில் எல்லாம் இருக்கும்,
இழுபட்டு.
வெட்டுவதா இழுப்பதா?
இதையெல்லாம் அண்ணாச்சியிடம் கேட்க முடியாது.
"பதிமூணுல நிறுத்தினா?" என்று கேட்டேன்.
"பாதி சரியாவும்."
வளையம் இருப்பது அதற்குத்தான் போல,
இரண்டு தப்புக்கும் நடுவே எங்கேயாவது நிற்க.

மண்டபத்தில் கரண்டு போனால் இது கொஞ்சம் குருடு.
போகட்டும், அதற்கு ஃப்ளாஷ் இருக்கிறது.
சுவரைத் தள்ளி வைக்கத்தான் ஒன்றும் இல்லை.
சீட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
தூசி துடைக்க ஒரு மஞ்சள் துணி இனாம்.

கொக்கிரகுளம் பாலத்தில் வண்டியை நிறுத்தி
பத்தில் வைத்துப் பார்த்தேன்.
தாமிரபரணி ஒரு வாய்க்கால்.
மேற்கே மலை எறும்புப் புற்று.
மிச்சமெல்லாம் வானம்,
அதை நான் யாருக்கு விற்பது.

ஞாயிற்றுக்கிழமை சிந்துபூந்துறையில் சடங்கு வீடு.
அறை என்ன அளவு என்று ஃபோனில் கேட்டேன்.
எட்டுக்குப் பன்னிரண்டாம்.
முதுகு சுவரில் ஒட்ட,
மூச்சை உள்ளே இழுத்து,
பதிமூன்றில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினொன்று,
கடைசியில் பத்து.
நாற்பத்தோரு பேரும் வந்துவிட்டார்கள்.
கீழே ஓரத்தில்
என் கால் பெருவிரலும்,
கொஞ்சம் நீண்டு.

ஆல்பம் போடும்போது
அதை வெட்டவில்லை.